செவிலி அன்பு

சங்க அகப்பாடல்களில் வரும் செவிலித்தாய், தான் பெறாத மகளைப் பேணி வளர்ப்பவள். அம்மகள் தலைவனுடன் சென்றபின் பிரிவாற்றாது வருந்துபவளும் அவளே. கைவிடப்பட்ட நாய்க்குட்டிகளை எடுத்து வளர்ப்போர் கொள்ளும் அன்பும் இத்தகையதே.

சென்னையில் அம்மையார் ஒருவர், மழையில் நனைந்து தெருவோரம் கிடந்த மூன்று குட்டிகளைத் தம் இல்லத்திற்குக் கொணர்ந்தார். அவை கண் திறவாதவை. நாய்க்குட்டிகள் பிறந்து ஏறத்தாழ இரண்டு வாரங்களில் கண் திறக்கும். அதுவரை தம் உடற்சூட்டைத் தாமே காத்துக்கொள்ள அவற்றிற்கு இயலாது. ஆகவே, வெந்நீர்ப் புட்டியைத் துணியிற் சுற்றி அருகில் வைத்தார். நாய்க்குட்டிகளுக்கென உள்ள பால்மாவைக் கரைத்து, மூன்று மணி நேரத்திற்கு ஒருமுறை, இரவிலும் விழித்து ஊட்டினார். மல்லாத்தி ஊட்டினால் பால் நுரையீரலுட் புகும் ஆதலின், குப்புறக் கிடத்தியே ஊட்டினார்.

எட்டு வாரங்கள் கடந்தன. இரண்டு குட்டிகள் நல்ல இல்லங்களை அடைந்தன. எஞ்சிய ஒன்றைச் செல்வர் ஒருவர் கேட்டார். "வாயிற்காவலுக்கு வேண்டும், பகலிரவு சங்கிலியில் கட்டிவைப்பேன்" என்றார். அம்மையார் பணிவுடன் மறுத்தார். மறுநாள் தையற்காரர் ஒருவர் மகளுடன் வந்தார். "இது எங்கே உறங்கும்? எதை விரும்பி உண்ணும்?" என்று சிறுமி வினவினாள். வெறிநோய்த் தடுப்பூசி போடவேண்டிய காலத்தைத் தந்தை கேட்டறிந்தார். அம்மையார் குட்டியைச் சிறுமியின் கையில் அளித்தார்.

அன்றிரவு வெறுங்கூடையைக் கண்டு அவர் கண் கலங்கினார். காலையில் அதனைக் கழுவி வெயிலில் உலர்த்தினார். மழைக்காலம் இன்னும் முடியவில்லை. வேறொரு குட்டிக்கு அக்கூடை வேண்டியிருக்கும் அன்றோ! தக்க இடம் அறிந்து ஈவதே செவிலி அன்பின் நிறைவு.