அலர்

சுபாங் ஜெயாவின் வரிசை வீடுகளுக்கிடையே இன்று நடந்து செல்பவர்க்கு, அந்த மண் ஒரு காலத்தில் தோட்டமாக இருந்தது என்று நினைவூட்டும் அடையாளங்கள் மிகச் சிலவே. 1976ஆம் ஆண்டில் அங்கே புதுநகர் எழத் தொடங்கியது. மரங்கள் வீழ்ந்தன, சாலைகள் வந்தன, அங்காடிகள் வந்தன. சீபீல்டு என்னும் தோட்டத்தின் பெயரை அங்குள்ள தமிழ்ப்பள்ளி இன்றும் தாங்கி நிற்கின்றது.

அந்நகரின் வரிசை வீடொன்றில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், இருபத்து மூன்று வயதுப் பெண்ணொருத்தி கணினியின் முன் அமர்ந்திருந்தாள். அருகே நாற்காலியில் அவளுடைய பெரியப்பா. கிள்ளானில் இடைநிலைப்பள்ளி ஒன்றில் முப்பதாண்டுகள் தமிழ் கற்பித்தவர் அவர். மறுவாரம் ஒரு பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் அவர் உரையாற்ற வேண்டும். தலைப்பு, 'இன்றைய இசையும் இளையோர் சீரழிவும்.' கையால் எழுதிய பன்னிரண்டு பக்கங்களைத் தம்பி மகளிடம் தந்து, தட்டச்சு செய்து தரும்படி கேட்டிருந்தார். அவளுக்குத் தமிழ்த் தட்டச்சு நன்கு வரும். ஆனால், படிக்காமல் தட்டச்சு செய்யும் பழக்கம் அவளுக்கு இல்லை.

முதல் இரண்டு பக்கங்கள் தடையின்றி நடந்தன. மூன்றாம் பக்கத்தில் அவள் விரல்கள் நின்றன. அங்கே, இளையராசாவின் அருமையான பாடலொன்றை நம் நாட்டு இளைஞர்கள் சிதைத்துவிட்டனர் என்று அவர் எழுதியிருந்தார். யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோர் 'நட்சத்திரா' என்னும் குழுவாக 2006இல் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பைத்தான் குறிப்பிட்டிருந்தார். 1980இல் வந்த 'நிழல்கள்' படப் பாடலான 'மடை திறந்து' அதில் ராப் இசையாக மறுபிறவி எடுத்திருந்தது. மலேசியத் தமிழ் இளைஞரின் குரலைத் தமிழகம் திரும்பிப் பார்த்துக் கேட்ட சில வேளைகளுள் அதுவும் ஒன்று.

"பெரியப்பா, 'நிழல்கள்' வந்தபோது உங்களுக்கு என்ன வயது?"

"பதின்மூன்று."

"அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டுத் தாத்தா என்ன சொன்னார்?"

அவர் சிரித்துவிட்டார். மறைக்க இயலவில்லை. தாத்தா பாகவதரின் அடியார். தோட்டத்தில் திரை கட்டிக் காட்டிய படங்களில் பாகவதரைக் கண்டு வளர்ந்தவர். இளையராசாவின் இசை ஒலித்தபோதெல்லாம், 'தகர டப்பா உருளும் ஓசை' என்று வானொலியை நிறுத்திவிடுவார். மகன் அடுத்த வீட்டுச் சன்னலடியில் நின்று மீதிப் பாட்டைக் கேட்டு வருவான்.

"அப்படியானால் மூன்றாம் பக்கத்தைத் தாத்தா எழுதியிருக்கிறார். நீங்கள் படி எடுத்திருக்கிறீர்கள்," என்றாள் அவள்.

சொல் கூர்மையாகத்தான் விழுந்தது. எனினும் பெரியவர் சினக்கவில்லை. முப்பதாண்டுகள் வகுப்பறையில் நின்றவருக்கு, வினா கேட்கும் பிள்ளையின் அருமை தெரியும்.

இசையைத் தடுத்துத் தூய்மை காக்கும் முயற்சி புதியதன்று. இந்தியாவின் செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சராக இருந்த கேஸ்கர் 1952இல் அனைத்திந்திய வானொலியில் திரைப்பாடல்களைப் பெரிதும் ஒடுக்கினார். செவ்வியல் இசையால் மக்களின் சுவையை உயர்த்தலாம் என்பது அவர் எண்ணம். மக்கள் வானொலியின் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியை வைத்துக்கொண்டனர். 1957இல் 'விவித் பாரதி'யைத் தொடங்கி அதே பாடல்களுக்கு இடமளிக்க வேண்டியதாயிற்று. நம் நாட்டிலும் 1992இல் நீண்ட தலைமுடி வைத்த ராக் பாடகர்களுக்கு அரசுத் தொலைக்காட்சி கதவை அடைத்தது. 'சர்ச்', 'விங்ஸ்' குழுக்களின் பாடகர்கள் முடி வெட்டிக்கொள்ள நேர்ந்தது. முடி மீண்டும் வளர்ந்தது. பாடல்கள் இன்றும் ஒலிக்கின்றன.

இவற்றையெல்லாம் அவள் அறிந்து வைத்திருந்தாள் என்பதுதான் பெரியவருக்கு வியப்பு. காதில் ஒலிப்பானைச் செருகிக்கொண்டு தலையாட்டும் தலைமுறை எதையும் படிப்பதில்லை என்று ஏழாம் பக்கத்தில் அவர் எழுதியிருந்தார்.

"அப்படியானால் எல்லாப் பாட்டும் நல்ல பாட்டுத்தானா, அம்மா?"

"இல்லை பெரியப்பா. காதலை மறுத்த பெண்ணை ஏசுகிற பாட்டு எனக்கு அருவருப்பாக இருக்கிறது. 2015 டிசம்பரில் இணையத்தில் ஒரு பாட்டு வெளிவந்து, தமிழகத்தில் மகளிர் அமைப்பினர் தெருவில் இறங்கிக் கண்டித்தார்களே, அதை நான் எப்படி நல்லது என்பேன்? ஆனால் உங்கள் பன்னிரண்டு பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. பெண்கள் என்ன உடுத்துகிறார்கள், யாரோடு போகிறார்கள் என்பதுதான் நான்கு பக்கம் வருகிறது. பாட்டைக் கண்டிக்கப் புறப்பட்டவர்கள் எல்லாரும் ஏன் பெண்ணைக் கண்டிப்பதில் போய் நிற்கிறார்கள்?"

இந்த வினாவுக்கு அவரிடம் உடனே விடை இல்லை. வேறு பலரிடமும் இருக்காது.

பிறகு அவள் தன் கைத்தொலைபேசியை எடுத்து ஒரு பாட்டை ஒலிக்கச் செய்தாள். தீயும் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையில் 2021 மார்ச்சில் வெளிவந்த 'எஞ்சாயி எஞ்சாமி.' பாட்டிமார் பேரப்பிள்ளைகளைக் கொஞ்சி அழைக்கும் 'என் சாமி'தான் அந்த எஞ்சாமி. பெரியவர் அதைக் கேட்டதில்லை. பெயரை மட்டும் அறிந்து, ஐந்தாம் பக்கத்தில் 'பொருளற்ற கூச்சல்' என்னும் பட்டியலில் சேர்த்திருந்தார்.

"இந்த அறிவு என்பவரின் பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். உழைத்த மண்ணில் அவருக்கு ஒரு பிடி நிலம் கிடையாது. அந்தக் கதையைத்தான் இவர் பாடுகிறார். இந்தப் பாட்டைக் கேட்டு நம் பாட்டி அழுதார்கள், பெரியப்பா. உங்களுக்குத் தெரியாது. நான் பக்கத்தில் இருந்தேன்."

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய தாயார் இதே மண்ணில் விடியற்காலை விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டியவர். வெட்டிய நிரைகள் இருந்த இடத்தில்தான் இப்போது இந்த வீட்டுவரிசை. இறப்பதற்கு முந்திய ஆண்டு, பேத்தியின் அறையில் அமர்ந்து அவர் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார் என்பது மூத்த மகனுக்குத் தெரியும். எந்தப் பாட்டென்று அவர் கேட்டதில்லை.

பாட்டு முடிந்தது. மறுமுறை போடச் சொன்னார். போட்டாள்.

அந்தப் பாட்டுக்கு நேர்ந்ததையும் அவள் சொன்னாள். 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன்' இதழின் இந்தியப் பதிப்பு, அப்பாடலின் வெற்றியைப் பேசும் வேளையில், தன் அட்டையில் தீயையும் மற்றொரு பாடகரையும் இட்டது. பாடலை எழுதிப் பாடிய அறிவின் முகம் அதில் இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் முதலானோர் வெளிப்படையாகக் கண்டித்தனர். பின்னரே அறிவுக்கெனத் தனி அட்டை ஒன்று இணையத்தில் வந்தது. "ஊடகத்தைக் குறைகூறுவது என்றால் இப்படிக் கூற வேண்டும், பெரியப்பா. யாருடைய பெயர் விடுபட்டது, யாருடைய உழைப்பு மறைக்கப்பட்டது என்று கேட்க வேண்டும். அதற்கு முதலில் பாட்டைக் கேட்க வேண்டும்," என்றாள். கல்கி, 'கர்நாடகம்' என்னும் புனைபெயரில் ஆனந்த விகடனில் இசைத் திறனாய்வு எழுதியவர். கச்சேரியில் உட்கார்ந்து கேட்டு எழுதியவர். இதைப் பெரியவரே தம் மாணவர்க்குப் பலமுறை சொல்லியிருக்கிறார்.

பேனாவை எடுத்து ஐந்தாம் பக்கத்தில் ஒரு வரியை அடித்தார்.

எட்டாம் பக்கம் 'டேட்டிங்' என்னும் பழக்கம் பற்றியது. அதை அவள் வாய்விட்டே படித்தாள். மேலைநாட்டினின்று வந்த நோய் என்றும், தமிழர் பண்பாடு அறியாதது என்றும் எழுதப்பட்டிருந்தது.

"பெரியப்பா, எனக்குக் குறுந்தொகை சொல்லிக் கொடுத்தது யார்?"

"நான்தான்."

"தொல்காப்பியத்தில் கற்பியலுக்கு முன்னால் என்ன இயல் வருகிறது?"

அவர் விடை கூறவில்லை. களவியல் என்பதைத் தமிழாசிரியர் ஒருவர் வாய்திறந்து கூறவேண்டிய தேவையும் இல்லை. திருக்குறளின் காமத்துப்பாலிலும் களவியல்தான் முன்னே நிற்கிறது. ஊரார் பழிதூற்றுவதற்கு வள்ளுவர் 'அலரறிவுறுத்தல்' என ஓர் அதிகாரமே ஒதுக்கினார். வகுப்பறையில் அவ்வதிகாரத்தை விரைந்து கடந்து செல்லும் நம் பழக்கத்தையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

"பழகுவது தவறு என்கிறீர்கள். இரண்டு முறை தேநீர்த் தட்டோடு வந்து நின்று பார்த்துவிட்டு, வாழ்நாள் முழுவதும் கூட வாழ்வது எப்படிச் சரியாகும்?"

"ஏமாற்றப்பட்ட பெண் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், அம்மா. படிவம் ஐந்தோடு படிப்பை நிறுத்தியவர்கள் என் வகுப்பிலேயே இருந்தார்கள். அந்த அச்சத்தில் எழுதியது."

குரல் தாழ்ந்திருந்தது. அவள் அதைக் கேலி செய்யவில்லை.

"அந்த அச்சம் எனக்கும் உண்டு. அதனால்தான் மறைக்கக்கூடாது என்கிறேன். நூலகம் போகிறேன் என்று சொல்லிவிட்டு வேறெங்கோ போகிற தோழிகள் எனக்கு உண்டு. அவர்கள் பொய்யர்கள் இல்லை, பெரியப்பா. உண்மை சொன்னால் வீட்டில் உட்கார இடம் இருக்காது. ஏமாற்றுகிறவனுக்கு அந்தப் பொய்தான் வசதி."

அலர் எவ்வளவு கொடிது என்பதற்குத் தமிழுலகில் அச்சான சான்றே உண்டு. 1940களில் சென்னையில் இலட்சுமிகாந்தன் என்பவர் 'இந்து நேசன்' இதழில் திரைக்கலைஞரின் சொந்த வாழ்வை எழுதிப் பிழைத்தார். 1944 நவம்பரில் அவர் குத்திக் கொல்லப்பட்டார். கொலைவழக்கில் தண்டிக்கப்பட்ட பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் 1947இல் குற்றமற்றவர் என விடுதலை பெற்றனர். ஆயினும் பாகவதரின் புகழ் பழைய நிலைக்கு மீளவே இல்லை. தாத்தா இக்கதையைச் சொல்லும்போதெல்லாம் கண் கலங்குவார். எழுதியவனும் மாண்டான், எழுதப்பட்டவரும் அழிந்தார் என்பார்.

இப்போது பெரியவரே அக்கதையை எடுத்துக் கூறினார். கூறி முடித்தபின் தம் எட்டாம் பக்கத்தைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தார்.

அவள் கணினியை விட்டுத் திரும்பி அமர்ந்தாள்.

"பெரியப்பா, அறத்தொடு நிற்றல் என்றால் என்ன?"

"தலைவியின் காதலைத் தோழி செவிலிக்குச் சொல்வாள். செவிலி நற்றாய்க்குச் சொல்வாள். நற்றாய் தந்தைக்கும்..." என்று வகுப்பறைக் குரலில் தொடங்கியவர், நடுவில் நிறுத்தினார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"அவர் கிள்ளான் துறைமுகத்தில் வேலை செய்கிறார். ஓராண்டாகத் தெரியும். சுபாங் பரேட்டில்தான் சந்திக்கிறோம், பகலில், எல்லாரும் பார்க்க. அம்மாவுக்குத் தெரியும். அப்பாவிடம் சொல்ல அம்மா அஞ்சுகிறார்கள்."

"ஏன் அஞ்ச வேண்டும்?"

"அவர்கள் வேறு சாதி."

சுவரில் கடிகாரம் ஓடிற்று. ஆண்டுதோறும் பாரதிதாசன் விழாவில் சாதி ஒழிப்பைப் பற்றி அரைமணி நேரம் முழங்குபவர் பெரியவர். மேடைக்கும் வீட்டுக்கும் இடையேயுள்ள தொலைவை அவர் அன்றுவரை அளந்து பார்க்க நேர்ந்ததில்லை.

"பையன் தமிழ்ப்பள்ளியில் படித்தவனா?" என்று கேட்டார். கேட்கத் தோன்றிய முதல் வினா அதுவாகத்தான் இருந்தது.

"ஆமாம். ஆனால் ராப் பாட்டும் கேட்பார்."

அவருக்குச் சிரிப்பு வந்தது, முழுமையாக வரவில்லை. பன்னிரண்டு பக்கங்களையும் ஒன்றாக அடுக்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தட்டச்சு செய்தவற்றை என்ன செய்வது என்று அவள் கேட்டாள். அப்படியே இருக்கட்டும், புதிதாக எழுத வேண்டியிருக்கும் என்றார்.

வாசலில் மகிழுந்து வந்து நிற்கும் ஓசை கேட்டது. அவளுடைய தந்தை காய்கறிப் பைகளோடு உள்ளே வந்தார். தமையனைக் கண்டு மகிழ்ந்து, "எப்போது வந்தீர்கள், அண்ணா? பசியாறினீர்களா?" என்றார்.

"ஆயிற்று, தம்பி. பையை வைத்துவிட்டு இப்படி வந்து உட்கார். உன்னோடு ஒரு செய்தி பேச வேண்டும்," என்றார் பெரியவர்.

அவள் எழுந்து, தாய்க்குத் துணையாக அடுக்களைக்குள் சென்றாள்.