ஆறிய பிறகுதான் மூடி

ஒசாக்காவின் புறநகரில் ஒரு சின்ன அடுக்களை. ஜூன் மாதம், மழைக்காலம் பிறந்துவிட்டது. ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஈரம். காலை ஆறு மணி. ராத்திரியே நேரம் குறித்து வைத்திருந்த ரைஸ் குக்கர் சோற்றை முடித்துவிட்டு ஒரு துண்டு மெட்டுப் பாடி ஓய்கிறது.

அந்த அம்மா முதலில் சோற்றைத்தான் எடுக்கிறார். டப்பாவில் சரிபாதி. மூடவில்லை, ஓரமாக நகர்த்தி, விசிறியால் நாலு வீசு. மூடியைப் பற்றி இன்னும் அரை மணிக்குப் பேச்சில்லை. சூட்டோடு மூடினால் ஆவி மூடியில் முத்து முத்தாய் வேர்த்துச் சோற்றில் சொட்டும். இந்தப் புழுக்கத்தில் மதியத்துக்குள் கெட்டுவிடும்.

மகள் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். நடுநிலைப் பள்ளி வரை மதிய உணவு பள்ளியிலேயே கிடைத்தது, இப்போது பெந்தோ என்னும் டப்பாச் சாப்பாடு. டப்பாவின் அடியில் 600 மி.லி. என்று பொறித்திருக்கிறது. சோறு மூன்று பங்கு, மீனோ முட்டையோ ஒரு பங்கு, காய்கறி இரண்டு பங்கு, எண்ணெய் தூக்கலான பண்டம் ஒன்றுக்கு மேல் வேண்டாம். இந்தக் கணக்கில் இடைவெளியில்லாமல் அடைத்தால் 600 மி.லி. டப்பாவில் ஏறத்தாழ 600 கலோரி. தராசு வைத்து நிறுப்பதெல்லாம் இங்கே கிடையாது.

நீள்சதுர வாணலி சூடாகிறது. தாஷி சாறு கலந்த முட்டையை மெல்லிசாக ஊற்றுகிறார். ஓரம் வெந்ததும் குச்சிகளால் பாய் சுருட்டுவதுபோல் தன் பக்கமாகச் சுருட்டி, சுருளை எதிர்முனைக்குத் தள்ளுகிறார். காலியான இடத்தில் எண்ணெய் தோய்ந்த காகிதத்தால் ஒரு தடவு. மறுபடி முட்டை, சுருளைக் கொஞ்சம் தூக்கி அதன் அடியிலும் ஓடவிடுகிறார். மறுபடி சுருட்டல். டோக்கியோ பக்கம் இதில் சர்க்கரை தூக்கலாக இருக்கும். இங்கே சாற்றின் ருசிதான். சாப்பாட்டு மேசைக்கென்றால் உள்ளே கொழகொழவென்று விடலாம். டப்பாவுக்குப் போவதால் நன்றாக வேகவிடுகிறார்.

அடுப்புக்குக் கீழே உள்ள கிரில்லில் உப்பிட்ட சால்மன் துண்டு ஒன்று சுடுகிறது. கோபோக் கிழங்கும் கேரட்டும் தீக்குச்சி அளவில் நறுக்கி வதக்கியது நேற்றைய வேலை. இன்று சூடுகாட்டி ஆறவைத்தால் போதும். எண்ணெய் தூக்கலான பண்டம் இது ஒன்றுதான்.

வெந்த பசலைக்கீரையைப் பிழிகிறார். சோயா சாஸ் கொஞ்சம் தெளித்து இன்னொரு தரம் பிழிகிறார். அப்புறம் பொடித்த எள். ருசிக்குத்தான் எள் என்று நினைக்கத் தோன்றும். மிச்ச ஈரத்தை உறிஞ்சும் வேலையும் அதற்கு உண்டு. குட்டித் தக்காளியின் காம்பைக் கிள்ளி, கழுவித் துடைக்கிறார். கிருமி ஒளிந்திருக்கும் இடம் அந்தக் காம்படி.

அடுக்கும்போது பெரியது முதலில்: சால்மன், முட்டைச் சுருள். பிறகு கீரையும் கிழங்கும். மிச்சமிருந்த சந்தில் தக்காளி. பள்ளிப் பை ரயிலில் எப்படிக் குலுங்கினாலும் உள்ளே ஒன்றும் அசையக் கூடாது. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் கூடியிருக்கிறது. படம் எடுக்க அல்ல, ஒரே வகைக் காயே மறுபடி மறுபடி வராமல் இருக்க இது சுலபமான வழி.

கடைசியில் உப்பிலிட்ட உமேபோஷிப் பழம். வழக்கமாக முழுப் பழத்தைச் சோற்றின் நட்டநடுவே வைப்பார்கள், ஜப்பான் கொடிபோல இருக்கும். அந்த உப்பும் புளிப்பும் பழம் தொட்ட இடத்தைச் சுற்றித்தான் சோற்றைக் கெடாமல் காக்கும். இவர் கொட்டையை நீக்கிப் பிய்த்துச் சோறு முழுக்கப் பரப்புகிறார். கொடி போயிற்று. மகள் எட்டிப் பார்த்து உதட்டைச் சுழிக்கிறாள். அம்மா கண்டுகொள்ளவில்லை. டப்பாவின் அடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மூடுகிறார். துணியில் முடியும்போது மேலே ஒரு ஐஸ் பொட்டலம்.

வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கடையில் மூடிமேல் உள்ள பூனைப் படத்தில் மயங்க வேண்டாம். டப்பாவைக் கவிழ்த்து, அடியில் எத்தனை மி.லி. என்று பார்த்து வாங்குங்கள்.