போடியில் பழங்கதவுகள்

போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் வழியாக 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்கு ஏறுகிறவர், அடிவாரத்தின் வறண்ட வெயிலையும், மேற்கேயிருந்து மலைமுகட்டைத் தாண்டி வரும் ஈர மேகத்தையும் சொற்ப நேரத்துக்குள் அனுபவித்துவிடலாம். இவ்விரு சீதோஷ்ணங்களுக்கும் நடுவே பழைய வீட்டுக் கதவுகள் படும் பாட்டையும், அவற்றைக் குறைந்த செலவில் புத்துருவாக்கும் ஆசாரிகளின் வேலையையும் காணும் ஆவலுடன் போடிக்குச் சென்றிருந்தேன்.

ஏலக்காய் மணம் கமழும் தெருவொன்றின் கோடியில் இருந்தது பட்டறை. இரட்டைக் கதவின் ஒரு பாதி மரக்குதிரைகளின்மேல் கிடத்தப்பட்டிருந்தது. பச்சை வர்ணத்துக்கு அடியில் நீலமும், நீலத்துக்கு அடியில் காவியுமாக, ஒவ்வொரு பண்டிகைக்கும் ஒரு பூச்சு ஏறியிருக்க வேண்டும். வீட்டுக்காரர் அதைத் தூக்கியெறிந்துவிட்டு ஆலைக்கதவு வாங்க உத்தேசித்திருந்தாராம். மூத்த ஆசாரி உட்புறத்தில் நகக்கண் அளவு சுரண்டிக் காட்டியபோது, தேக்கின் பொன்னிற ரேகைகள் பளிச்சென்று தெரிந்தன.

"பலகைக்கு ஒரு கேடும் இல்லய்யா. மேல அப்புன பெயிண்டுதான் கெட்டுக் கிடக்கு" என்றார்.

அதன் காரணத்தையும் அவரே விளக்கினார். மரம் ஈரத்தைக் குடித்தால் அகலவாக்கில் உப்பும், காய்ந்தால் சுருங்கும், நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதே இல்லை. இந்தச் சுபாவத்தை அறிந்த முன்னோர், நடுப்பலகையைச் சட்டத்தின் காடிக்குள் பசையின்றிச் செருகி, அது தாராளமாக அசைய இடம் விட்டிருந்தார்கள். பின்வந்தோர் பூசிய வர்ணம் காடிக்குள் வழிந்து இறுகி, பலகையைச் சிறைப்படுத்திவிட்டது. அசைய வழியற்ற பலகை நாளடைவில் வெடித்துவிடும். ஆசாரி கூரிய கத்திமுனையைக் காடியின் ஓரமாக அவசரமின்றி இழுத்துக்கொண்டே போனார். நான்கு ஓரங்களும் விடுபட்டதும் உள்ளங்கையால் பலகையைத் தள்ளினார். அது மயிரிழை நகர்ந்தது. அக்கதவின் வைத்தியத்தில் பாதி அப்போதே முடிந்துவிட்டதென்றே கருதுகிறேன்.

மழைக்காலத்தில் கதவு இறுகுகிறதென்று உடனே இழைப்புளியை எடுப்பது கூடாது என்பதும் அவர் கட்சி. "இப்ப இழைச்சுட்டீகன்னா, வெயில் காலத்துல இடுக்கு விழுந்துரும்யா." முதலில் கீலின் திருகாணிகளை இறுக்கிப் பார்க்க வேண்டும், தொய்வு நீங்கினாலே பல கதவுகள் ஒழுங்காகச் சாத்திக்கொள்ளும்.

வர்ணத்தைச் சுரண்டும் இளைஞர்களைப் பற்றி மட்டும் எனக்குக் கவலை உண்டு. வீட்டு வர்ணத்தில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாதென்ற விதி நம் நாட்டில் 2017-இல்தான் அமலுக்கு வந்தது; அதற்கு முந்திய பூச்சுகளில் ஈயம் மிகுந்திருக்கக் கூடும். உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூள் சுவாசத்தோடு உள்ளே போகும். முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வது போதாது. தண்ணீர் தொட்டு ஈரமாகத் தேய்ப்பதும், தக்க முகக்கவசம் அணிவதும், குழந்தைகளை அண்டவிடாதிருப்பதும் அவசியம்.

மெருகிலும் இடமறிந்த சாமர்த்தியம் வேண்டியிருக்கிறது. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணியில் பொதிந்த பஞ்சால் மெல்லிய படலங்களாக ஏற்றும் பாலிஷ், அடிவாரத்து வீட்டின் உட்கதவுக்கு அழகு. மேட்டின் ஈரக்காற்றிலோ அது வெண்மை பூத்துவிடும். ஆகவே மலைக்குப் போகும் கதவுகளுக்கு ஆளிவிதை எண்ணெயை ஊட்டி, உலரவிட்டு, மறுபடியும் ஊட்டுகிறார்கள். பித்தளைக் குமிழ்களுக்குப் புளியும் சாம்பலுமே போதுமானவை. செலவில் பெரும்பகுதி கூலிதான். அதுவும் உள்ளூர்த் தொழிலாளியின் வீட்டுக்கே போகிறது.

காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் இத்தகைய கதவுகளைத் தேடி நகரவாசிகள் பலர் வருகிறார்கள். உங்கள் வீட்டிலேயே ஒன்று இருக்குமானால், பழைய மரக்காரருக்கு அதை எடைபோட்டுக் கொடுப்பதற்குமுன், ஓர் ஆசாரியை அழைத்து உட்புறத்தில் ஓரிடம் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.