அழிக்கப்பட்ட முகம்

1954 நவம்பர் 30, வின்ஸ்டன் சர்ச்சிலின் எண்பதாவது பிறந்தநாள். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் இரு அவை உறுப்பினர்களும் கிரஹாம் சதர்லேண்டைக் கொண்டு அவரை வரையச் செய்து, அன்று வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் பரிசளித்தனர். நவீன ஓவியத்துக்கு இது ஓர் அருமையான சான்று என்று சர்ச்சில் குத்தலாகச் சொல்ல, சபை சிரித்தது.

ஓவியம் இன்றில்லை. அவர் மனைவி கிளமென்டைன் அதை அழிக்கச் செய்துவிட்டார் என்பது, அந்த அம்மையாரும் மறைந்தபின் 1978இல்தான் வெளியே தெரிந்தது. எஞ்சிய நிழற்படங்களில் கிழவர் நாற்காலியின் கைப்பிடிகளை இறுகப் பற்றி அமர்ந்திருக்கிறார். தளர்ந்த உடல், தளர மறுக்கும் தாடை. முதுமை எங்கே முடிகிறது, பிடிவாதம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எங்கள் பார்வையில் அவரை இதைவிட நேர்மையாக எவரும் வரைந்ததில்லை.

கிளமென்டைன் செய்தது கலைக்கு எதிரான குற்றம் என்றே வெகுகாலம் பேசிவந்தோம். பிறகு அப்பா இறந்தபோது மாலையிடப் படம் தேடினோம். கடைசி ஆண்டில் எடுத்தது ஒன்று இருந்தது: ஒட்டிய கன்னம், எதையோ மறுத்துப் பேச வாயெடுத்த தோற்றம். அப்பாவேதான். ஆனால் நாங்கள் சட்டமிட்டு மாட்டியது அதற்கு இருபதாண்டுகள் முந்தைய ஸ்டூடியோ படத்தை. மற்றது அலமாரியில் துணிகளுக்கு அடியில் கிடக்கிறது. அம்மா மட்டும் எப்போதாவது எடுத்துப் பார்க்கிறார்.