நெய்யும் நேயமும்

அளவறிந்து உண்ணல் அறிவுடையார் செயல். ஆயினும், ஒருவர்க்குரிய அளவு மற்றொருவர்க்கும் உரியதாகிவிடாது. நூல் பல கற்ற யான் இவ்வுண்மையை முதுமையில், என் பெயரனால் அறிந்தேன்.

நெஞ்சின் நலங்கருதி நெய்யையும் எண்ணெயையும் குறைக்குமாறு மருத்துவர் எனக்குக் கூறினார். 'எனக்குத் தீதாவது இல்லத்தில் எவர்க்கும் தீதே' என்று கருதினேன். அன்றே அடுக்களையில் நெய்க்கிண்ணம் மறைந்தது. ஒன்றரை வயதுப் பெயரனுக்குப் பருப்புச் சோற்றில் இட்டு வந்த நெய்யும் நின்றது. பாலும் ஆடை நீக்கியே தரப்பட்டது. மருமகள் தயங்கினாள், எனினும் முதியவன் சொல்லை மறுத்திலள். மூன்று திங்கள் கழிந்தன. குழந்தையின் எடை சிறிதும் ஏறவில்லை. ஓடியாடித் திரிந்தவன், மடியை விட்டு இறங்க மறுத்தான்.

மருத்துவர் அவன் எடையை நோக்கினார். உணவைப் பற்றி வினவினார். "ஐயா, தங்களுக்குச் சொன்ன பத்தியத்தைக் குழந்தைக்கு வைத்துவிட்டீர்களே!" என்றார். யான் தலை கவிழ்ந்தேன்.

பின்னர் அவர் விளக்கியவை இன்றும் என் நெஞ்சில் நிற்கின்றன. தாய்ப்பால் தரும் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி, கொழுப்பினின்றே வருகிறது. ஒரு கிராம் மாவுப்பொருள் 4 கலோரி ஆற்றல் தரும். ஒரு கிராம் கொழுப்போ 9 கலோரி தரும். குழவியின் வயிறு சிறிது, வளர்ச்சியோ பெரிது. ஆதலின், சிறிதளவில் மிகுந்த ஆற்றல் தரும் உணவு அதற்கு வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகளில் மூளை விரைந்து வளர்கிறது; நீர் நீங்கலாக மூளையின் எடையில் பாதிக்கு மேற்பட்டது கொழுப்பே. ஏ, டி, ஈ, கே என்னும் வைட்டமின்களும் கொழுப்பிற் கரைந்தே உடலிற் சேர்கின்றன. வைட்டமின் ஏ குறையின் மாலைக்கண் நோய் தோன்றும். கீரையிலுள்ள சத்து உடலிற் சேர்வதற்கும் சிறிது எண்ணெய் துணை செய்கிறது.

மீண்டும் நெய்க்கிண்ணம் வந்தது. சில திங்களில் பெயரன் முன்போல் முற்றமெங்கும் ஓடினான்.

மாணவர்களே! இது கேட்டு, பொரித்த பண்டங்களை வரையின்றி உண்ணலாம் என எண்ணற்க. குழவிப் பருவம் கடந்தபின் கொழுப்பின் பங்கு படிப்படியாகக் குறைதல் வேண்டும். நிலக்கடலை, எள், முட்டை, மீன் ஆகியவற்றில் இயற்கையாக அமைந்த கொழுப்பு நன்று. எண்ணெயைச் செயற்கையாக உறையச் செய்யும்போது தோன்றும் டிரான்ஸ் கொழுப்போ நெஞ்சிற்குப் பகை. எண்ணெய்களில் அது நூற்றுக்கு 2 பங்கிற்கு மிகலாகாது என்னும் விதி, இந்தியாவில் 2022ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது.

நேயம் என்னும் சொல்லுக்கு அன்பு என்றும், நெய் என்றும் இரு பொருள் உண்டு. இதனை மாணவர்க்குப் பல்லாண்டு கற்பித்தவன் யான். ஆயினும், குழந்தைக்கு நெய்யை மறுத்தபோது அதனை மறந்தேன். அன்பு மட்டும் போதாது; யாருக்கு எது எவ்வளவு வேண்டும் என்னும் அறிவும் அதனோடு சேர்தல் வேண்டும்.