ஜோனஸ் மேக்கஸ் மறைந்த பின்

ஜனவரி 24, 2019

லித்துவேனியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஆவணப்படக் கலைஞர் ஜோனஸ் மேக்கஸ் நேற்று நியூயார்க்கில் தமது 96ஆம் வயதில் காலமானார். பெரிய தயாரிப்பு நிறுவனங்களின் பணமும் கட்டளையுமின்றி எடுக்கப்படும் சுயேச்சை ஆவணப்படங்களைப் பற்றி எழுதப்பட்டு வந்த பாடக்குறிப்புகள், அவரைப் பற்றிய பகுதியை எட்டியிருந்த வேளையில், இச்செய்தியால் நின்றுபோயின. அப்பணி மீண்டும் தொடங்கும்வரை மனத்தில் எழுவனவற்றைத் தேதியிட்டு வைப்பதற்காக இக்குறிப்பேடு தொடங்கப்படுகிறது.

ஜனவரி 25

இரங்கற் குறிப்புகள் எல்லாம் ஒரே ஆண்டுகளையும் பட்டங்களையும் அடுக்குகின்றன. அவற்றில் அந்த மனிதர் அகப்படவில்லை.

ஜனவரி 29

1944இல் ஊரைவிட்டுத் தப்பிய மேக்கஸும் அவர் தம்பி அடோல்ஃபஸும் வியன்னாவை நோக்கிச் சென்ற வழியில் பிடிபட்டு, ஹம்பர்க் அருகே எல்ம்ஸ்ஹார்னில் இருந்த கட்டாய உழைப்பு முகாமில் அடைக்கப்பட்டனர். போர் முடிந்த பின்னரும், சோவியத் ஆட்சிக்கு உட்பட்ட தாய்நாட்டுக்குத் திரும்ப இயலாமல், இடம்பெயர்ந்தோர் முகாம்களில் சில ஆண்டுகளைக் கழித்துவிட்டு, 1949 இறுதியில் அகதிகளாக நியூயார்க் வந்து சேர்ந்தனர். வந்த சில வாரங்களிலேயே மேக்கஸ் கடன் வாங்கி, 16 மில்லிமீட்டர் படச்சுருளில் பதியும் போலெக்ஸ் கேமரா ஒன்றை வாங்கினார்.

சாவி கொடுத்து முறுக்கும் சுருள்வில்லால் ஓடும் அக்கருவி, ஒருமுறை முறுக்கினால் ஏறத்தாழ அரை நிமிடமே இயங்கும். 100 அடிச் சுருளோ, நொடிக்கு 24 படம் என்ற வேகத்தில் மூன்று நிமிடங்களுக்குள் தீர்ந்துவிடும். பிழைப்புக்கு உழைத்த நேரம் போக எஞ்சிய சிறு பொழுதுகளில், அச்சிறு நீளங்களில், பனியையும் நண்பர்களையும் தெருக்களையும் புலம்பெயர்ந்த லித்துவேனியர்களின் கூட்டங்களையும் பதிந்துகொண்டே வந்த அவர், நீண்ட ஓய்வு கிடைக்கும் நாளில் எடுக்கப்போகும் உண்மையான படத்துக்கான பயிற்சியாகவே அவற்றை நெடுங்காலம் கருதினார். அந்த ஓய்வு வரவில்லை. சேர்ந்த துணுக்குகளிலிருந்து 1969இல் மூன்று மணி நேரம் ஓடும் 'வால்டன்' உருவாயிற்று. வாழ்க்கைத் துணுக்குகளை நாள்வழியாகக் கோக்கும் நாட்குறிப்புப் படம் என்னும் வகைக்கு அவரே பெரும் முன்னோடி. நேரமில்லாத ஒருவரின் கலை இவ்வளவு விரிந்திருப்பதை எண்ணும்போது, கடந்த சில நாட்களின் சோர்வு விலகுகிறது.

பிப்ரவரி 4

தமக்கென்று இடமில்லாத ஒருவர் பிறருக்காக இடங்களைக் கட்டினார் என்பதையே அவருடைய தொழில் வாழ்வின் மையமாகக் கொள்ள வேண்டும். தம்பியுடன் தொடங்கிய 'ஃபிலிம் கல்ச்சர்' இதழும், 1958 முதல் 'வில்லேஜ் வாய்ஸ்' ஏட்டில் எழுதிய பத்தியும் பொருட்படுத்தப்படாத படங்களுக்கு வாசகரைத் தேடித்தந்தன. 1962இல் பிறருடன் சேர்ந்து அமைத்த திரைப்படப் படைப்பாளிகளின் கூட்டுறவு, தரம் பிரித்து எதையும் தள்ளாமல், படைப்பாளிகள் ஒப்படைத்த பிரதிகளை வாடகைக்கு அனுப்பியது. 1964இல் ஜாக் ஸ்மித்தின் படமொன்றைத் திரையிட்டதற்காக, ஆபாசக் குற்றச்சாட்டில் மேக்கஸ் கைதானார். அவர் பிறருடன் சேர்ந்து நிறுவி 1970இல் திறக்கப்பட்ட திரைப்படக் காப்பகமான ஆந்தாலஜி ஃபிலிம் ஆர்க்கைவ்ஸ் இன்றும் இயங்குகிறது.

பிப்ரவரி 5

இத்தனைக்கும் நடுவில் தாய்மொழியிலேயே கவிதை எழுதிவந்தார்.

பிப்ரவரி 13

தள்ளிவைக்கப்பட்டிருந்த கட்டுரை இன்று படிக்கப்பட்டது. மைக்கேல் காஸ்பர் என்னும் வரலாற்றாய்வாளர் 2018இல் 'நியூயார்க் ரிவியூ ஆஃப் புக்ஸ்' இதழில் எழுதிய அக்கட்டுரை, நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில், பிறந்த ஊருக்கு அருகிலுள்ள பிர்ஷாய் நகரில் வாழ்ந்த இளைஞர் மேக்கஸ், ஆக்கிரமிப்பை ஆதரித்த ஏடுகளில் பணியாற்றியதைச் சுட்டுகிறது. 1941 ஆகஸ்டில் அந்நகரின் யூதர்கள், ஏறத்தாழ 2,400 பேர், அருகிலிருந்த காட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டனர். மேக்கஸ் அக்கொலைகளில் பங்குகொண்டார் என்று எவரும் கூறவில்லை. ஏடுகளில் அவர் எழுதியவை இலக்கியம் சார்ந்தவை. ஜெர்மானியருக்கு எதிரான இரகசியச் செய்தித்தாளுக்கு உதவியதாலேயே தப்பியோட நேர்ந்தது என்பது அவரே சொல்லிவந்த வரலாறு. எனினும், அண்டை வீட்டார் ஒரு கோடையில் இல்லாமற்போனது, நினைவையே தொழிலாகக் கொண்ட ஒருவரின் நினைவுகளில் ஏன் இவ்வளவு மங்கலாக இருக்கிறது என்ற கேள்வி ஓயவில்லை. அச்சம், இளமை, அதன்பின் நேர்ந்த சொந்த இழப்புகள் எனக் காரணங்கள் பல தோன்றினாலும், அவற்றுள் எதுவும் அந்த 2,400 பேருக்கு விடையாகாது. சென்ற வாரம் எழுதிய பாராட்டு இப்போது வேறொருவரைப் பற்றியதாகத் தோன்றுகிறது.

பிப்ரவரி 14

பாடக்குறிப்பில் ஒரு வரியும் சேரவில்லை.

பிப்ரவரி 22

1972இல் வெளிவந்த 'லித்துவேனியப் பயண நினைவுகள்' மீண்டும் பார்க்கப்பட்டது. கால் நூற்றாண்டுக்கு மேலான பிரிவுக்குப் பின், 1971இல் ஊர் திரும்பிய மகனுக்காக முதிய தாய் வெட்டவெளியில் நெருப்பு மூட்டிச் சமைக்கும் காட்சிகளில் கேமரா ஓரிடத்தில் நிற்க முடியாமல் துள்ளுகிறது. அந்த மகிழ்ச்சியைப் பொய்யென்று எவராலும் சொல்ல இயலாது. அடுத்த பகுதியில் சகோதரர்கள் எல்ம்ஸ்ஹார்னுக்குச் செல்கின்றனர். அவ்வூரில் கட்டாய உழைப்பு முகாம் இருந்ததை எவரும் நினைவில் வைத்திருக்கவில்லை என்று மேக்கஸின் குரல் துயரத்துடன் சொல்கிறது. இக்காட்சி இரண்டாம் முறையும் ஓட்டிப் பார்க்கப்பட்டது.

வரும் பருவத்துப் பாடத்திட்டத்தில் அந்தப் படமும் காஸ்பரின் கட்டுரையும் ஒரே வகுப்பில் சேர்க்கப்பட்டுள்ளன.