இருபது வருஷம் கழிச்சு ஒரு கிக்

தஞ்சாவூர் பக்கம் தெருவுக்கு ஒருத்தராவது இப்படி இருப்பார். வாலிப வயசுல புல்லட்லயோ யெஸ்டியிலயோ ஊரையே சுத்தினவர். அப்புறம் வெளிநாட்டு வேலை, கல்யாணம், குழந்தைங்க, லோன், கார்... இருபது வருஷமா ஹேண்டில்பாரைத் தொட்டிருக்க மாட்டார். ஐம்பதைத் தாண்டினதும் திடீர்னு ஆசை வரும். "ஒரு பைக் எடுத்தா என்ன?"

ஆசைக்குத் தீனி போட கம்பெனிகளும் ரெடி. புல்லட் 1955ல இருந்து சென்னையில தயாராகுது. 1996ல மூடின மைசூர் ஃபேக்டரியோட ஜாவா 2018லயும், யெஸ்டி 2022லயும் திரும்ப வந்தாச்சு. பேரும் அதே, பார்க்கவும் ஏறக்குறைய அதே.

கால் வைக்கிற இடம்தான் வேற. பழைய புல்லட்ல கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. இப்போ அப்படியே தலைகீழ். ஓட்டக் கத்துக்கிட்டது மறக்காதுன்னு சொல்வாங்க இல்லையா, இங்கே ஆபத்தே அதுலதான் இருக்கு. குறுக்கே ஆடு ஓடி வந்தா மூளை யோசிக்கிறதுக்கு முன்னாடி கால் மிதிச்சிடும். பிரேக்னு நினைச்சு மிதிச்சா அங்கே இருக்கிறது கியர்!

அடுத்தது முன் பிரேக். "அதைப் பிடிச்சா குப்புற விழுவே"ன்னு கேட்டு வளர்ந்த தலைமுறை அது. உண்மையில பிரேக் போட்டதும் எடை முன்பக்கம் சாயும், அப்போ ரோட்டை நல்லா பிடிக்கிறது முன் சக்கரம்தான். 125 சிசிக்கு மேல உள்ள புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் 2019 ஏப்ரல்ல கட்டாயமாச்சு. பின் பிரேக்கை மட்டும் நம்புறவருக்கு அதுல பாதி பலன்கூட கிடைக்காது.

இதுல நம்ம ஊர் ரோடு வேற இருக்கு. தஞ்சாவூர்ல இருந்து திருவையாறு போறதுக்குள்ள வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரின்னு பாலம் பாலமா தாண்டலாம். வண்டி ஓட்ட அதைவிட சுகமான ரோடு ஏது? ஆனா அறுப்பு சமயத்துல பாதி ரோட்டுல நெல் காயும். விவசாயியைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. கொள்முதல் நிலையத்துல 17 சதவீத ஈரப்பதம்தான் வரம்பு, எல்லா ஊர்லயும் களம் பத்தாது. காருக்கு அது பெரிய விஷயமில்லை. பைக்குக்கு நெல்லும் வைக்கோலும் சக்கரத்துக்கு அடியில கோலிக்குண்டு மாதிரி. நெல்லு மேல ஏறினப்புறம் பிரேக் போடக்கூடாது, திருப்பவும் கூடாது. முன்னாடியே வேகத்தைக் குறைச்சு, நேரா போயிடணும். ராத்திரியில தார்ப்பாயைச் சுத்தி வெச்ச கல்லு கண்ணுக்கே தெரியாது.

அக்கவுண்டன்சி படிச்சவங்களுக்கு ஒரு விஷயம் தெரியும். ஓட்டாம ஷெட்ல நிறுத்தின வண்டிக்கும் தேய்மானம் எழுதணும். ஓட்டுற திறமைக்கும் அதே கணக்குதான். நிறைய பேர் அதைப் புத்தகத்துல ஏத்தாம, இருபது வருஷத்துக்கு முந்தின மதிப்பையே இன்னமும் காட்டிட்டு இருக்காங்க :-)

லைசென்ஸையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்க. 2019 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம், காலாவதியாகி ஒரு வருஷம் தாண்டிட்டா மறுபடி டெஸ்ட் கொடுக்கணும். செல்லாத லைசென்ஸோட விபத்து நடந்தா, எதிராளிக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுத்த பணத்தையே வண்டிச் சொந்தக்காரர்கிட்ட திருப்பி வசூலிக்க வழி இருக்கு. இருபது வருஷம் வெளிநாட்டுல சேர்த்தது ஒரு திருப்பத்துல போயிடலாம். போறது பணத்தோட நின்னா அதுவே அதிர்ஷ்டம்.

இதுக்காக ஆசையை விடச் சொல்லலை. இத்தனை வருஷம் மத்தவங்களுக்காக ஓடினவர் தனக்குன்னு கேட்கிற ஒரே ஒரு பொருள் அது. அதனால உங்க வீட்டுல யாராவது ஷோரூம் பக்கம் மெதுவா நடக்க ஆரம்பிச்சா கிண்டல் பண்ணாதீங்க, தடுக்கவும் வேண்டாம். நல்ல ஹெல்மெட் ஒன்னு வாங்கிக் கொடுங்க. முதல் ஒரு வாரம் காலையில காலி மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போய், கியரும் பிரேக்கும் காலுக்குப் பழகுற வரைக்கும் சுத்த விடுங்க. நமக்கு சைக்கிள் கத்துக் கொடுத்தப்போ சீட்டைப் பிடிச்சுக்கிட்டு பின்னாடியே ஓடி வந்தவங்கதானே அவங்க?